ரவுட்டரில் சொருகிய பென்டிரைவைப் பிரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் எங்கள் வீட்டு ரவுட்டரில் 128 ஜிபி பென்டிரைவ் ஒன்று நாலு வருஷமாகச் சொருகியே இருக்கிறது. அப்பா இருந்தபோது கைப்பேசியில் பதிவு செய்த தேவாரப் பாட்டுகள், அக்கா பிள்ளைகளின் படங்கள், ரவுட்டருக்கே தேவைப்படும் சில கோப்புகள் எல்லாம் அதில் இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு சொந்தக்காரர்கள், எங்கள் புளோக்கில் இருப்பவர்கள் என்று பலரும் தங்கள் வீட்டிலும் செய்து தரச் சொன்னார்கள், செய்தும் கொடுத்தேன். அப்புறம் எல்லாரும் அதே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பிரிப்பது என்றால் என்ன? ஒரே பென்டிரைவை எதற்குப் பிரிக்க வேண்டும்?

ஒரு பென்டிரைவை இரண்டு மூன்று தனித்தனி டிரைவ் போல ரவுட்டருக்குக் காட்டுவதுதான் பார்ட்டிஷன். ஒவ்வொரு பிரிவுக்கும் தனி அளவு, தனிப் பெயர், தனி ஃபார்மட் (கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை). ஒன்று நிரம்பினால் மற்றதன் இடத்தைத் தொடாது.

காரணம் இரண்டு. முதலாவது, ரவுட்டர் தன் வேலைக்குக் கேட்கும் ஃபார்மட் வேறு, வீட்டில் இருப்பவர்களின் கணினிகள் படிக்கும் ஃபார்மட் வேறு. ஏசூஸ் ரவுட்டர்களுக்கான மெர்லின் ஃபர்ம்வேரில் என்ட்வேர் என்ற கூடுதல் நிரல் தொகுப்பைப் போட வேண்டும் என்றாலோ, ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் வகை ரவுட்டர் மென்பொருளில் எக்ஸ்ட்ரூட் வைத்து ரவுட்டரின் குட்டிச் சேமிப்பிடத்தைப் பெரிதாக்க வேண்டும் என்றாலோ இஎக்ஸ்டி4 மாதிரி லினக்ஸ் ஃபார்மட்தான் வேண்டும். அந்த நிரல்களுக்குக் கோப்பு உரிமைகளும் சிம்பாலிக் லிங்க்கும் (ஒரு கோப்பை வேறு இடத்திலிருந்து சுட்டும் குறுக்குவழி) தேவை, பென்டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபேட் வகையறாவில் அவை கிடையாது. ஆனால் அம்மாவின் மடிக்கணினி விண்டோஸ், அது இஎக்ஸ்டி4-ஐ நேரடியாகப் படிக்காது.

இரண்டாவது காரணத்தை அனுபவப்பட்டபிறகுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன். ஒரு சிநேகிதர் வீட்டில் எல்லாவற்றையும் ஒரே பிரிவில் வைத்திருந்தோம். விளம்பரம் தடுக்கும் நிரல் எழுதிய பதிவுக் கோப்பு வளர்ந்து வளர்ந்து மூன்றே மாதத்தில் பென்டிரைவ் முழுவதையும் அடைத்துவிட்டது. அவருடைய மனைவியின் கைப்பேசியிலிருந்து படங்கள் தானாக ஏறும்படி அமைத்திருந்தோம், அது சத்தமில்லாமல் நின்றுபோனது. பொங்கல் படங்களைத் தேடும்போதுதான் எதுவுமே ஏறவில்லை என்று தெரிந்தது. பதிவுக் கோப்புக்குத் தனிப் பிரிவு இருந்திருந்தால் அந்தப் பிரிவு மட்டும் நிரம்பி நின்றிருக்கும்.

எல்லா வீட்டுக்கும் இது தேவையா?

இல்லை. தொலைக்காட்சியில் படம் பார்க்க மட்டும் பென்டிரைவ் சொருகுகிறீர்கள் என்றால் ஒரே பிரிவு போதும், இந்தப் பக்கத்தில் கடைசி இரண்டு கேள்விகளை மட்டும் படித்தால் சரி.

பிரித்து வைத்தால் ஒரு பகுதி கெட்டாலும் மற்றது தப்பிக்கும்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இதை நம்பித்தான் பிரிக்கவே சொல்கிறார்கள்.

பாதி உண்மை. மின்சாரம் திடீரென்று போய் ஒரு பிரிவின் கோப்பு அமைப்பு குழம்பினால் பக்கத்துப் பிரிவு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தப்பான கட்டளையால் ஒரு பிரிவை அழித்தாலும் அப்படித்தான். ஆனால் பென்டிரைவே செத்தால் எல்லாப் பிரிவும் ஒன்றாகப் போய்விடும். பிரிவு என்பது மென்பொருள் போடும் கோடு. உள்ளே இருக்கும் ஃபிளாஷ் சிப்புக்கும் அதை ஆளும் கன்ட்ரோலருக்கும் அந்தக் கோடு தெரியாது.

ஃபிளாஷ் நினைவகத்தில் ஒவ்வொரு தொகுதியையும் இத்தனை தடவைதான் அழித்து எழுதலாம் என்று ஓர் எல்லை உண்டு. தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் இருக்க கன்ட்ரோலர் எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், அதற்கு வேர் லெவலிங் என்று பெயர். அது பிரிவுகளைப் பார்த்து வேலை செய்வதில்லை. "இரண்டாவது பிரிவில்தான் ரவுட்டர் எழுதுகிறது, அதனால் முதல் பிரிவில் இருக்கும் படங்கள் பத்திரம்" என்பது தப்புக் கணக்கு. ரவுட்டர் எழுதுகிற ஒவ்வொரு பதிவும் அந்த முழு பென்டிரைவின் ஆயுளிலிருந்துதான் கழிகிறது. மலிவான பென்டிரைவ்களில் இந்த வேர் லெவலிங்கே சுமாராகத்தான் இருக்கும்.

அதனால் படங்களுக்கு இன்னொரு பிரதி வேறொரு பொருளில் இருக்க வேண்டும், அதாவது தனி ஹார்ட் டிஸ்க்கிலோ இணையச் சேமிப்பிலோ. அதே பென்டிரைவில் இன்னொரு பிரிவுக்குள் காப்பி எடுத்துவிட்டு அதை பேக்கப் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து நம்பாதீர்கள். அப்பாவின் பாட்டுகள் எங்கள் வீட்டில் மூன்று இடத்தில் இருக்கின்றன. ரவுட்டரில் இருப்பது அம்மா தினமும் காலையில் கேட்பதற்கான பிரதி மட்டுமே.

என் ரவுட்டர் பல பிரிவுகளைப் படிக்குமா?

இணையச் சேவை நிறுவனம் ஒப்பந்தத்தோடு கொடுக்கும் ரவுட்டர்கள் பலவற்றில் யூஎஸ்பி துளை இருக்கும், ஆனால் என்ன படிக்கும் என்பது மாடலுக்கு மாடல் வேறு. சில மாடல்கள் முதல் பிரிவை மட்டும் காட்டும். பிரிவுகளின் பட்டியலை எழுதி வைக்க எம்பிஆர் என்ற பழைய முறையும் ஜிபிடி என்ற புதிய முறையும் உண்டு. சில பழைய மாடல்கள் ஜிபிடி முறையில் பிரித்ததைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, எம்பிஆர் முறையைத்தான் படிக்கும். கடையில் தனியாக வாங்கிய ரவுட்டர் என்றால் நிலைமை பொதுவாக நன்றாக இருக்கும்.

பழைய 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றை எடுத்து இரண்டாகப் பிரித்து, இரண்டிலும் ஆளுக்கொரு படம் போட்டு, சொருகிப் பாருங்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டும் தெரிந்தால் சரி. இதற்கு முன்னால் நல்ல பென்டிரைவில் கை வைக்க வேண்டாம்.

எம்பிஆரா ஜிபிடியா?

பென்டிரைவுக்கு எம்பிஆர். 4 முதன்மைப் பிரிவுகள் வைக்கலாம், நமக்கு இரண்டு மூன்றே போதும். 2 டிபிக்கு மேல் போகும் ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் ஜிபிடி கட்டாயம்.

எந்த ஃபார்மட் போடுவது?

ஃபேட்32 எல்லாச் சாதனமும் படிக்கும். ஆனால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. கல்யாண வீடியோ, பிள்ளைகள் பள்ளி விழாவில் ஆடியதை முழுசாக எடுத்த வீடியோ எல்லாம் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். பாதி ஏறும்போது இடமில்லை என்று வரும், பார்த்தால் 90 ஜிபி காலியாக இருக்கும். காரணம் இதுதான். விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் சாளரம் 32 ஜிபிக்கு மேற்பட்ட பிரிவுக்கு ஃபேட்32-ஐக் காட்டாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ஃபேட்டில் அந்த 4 ஜிபி தொல்லை இல்லை. விண்டோஸ், மேக் இரண்டும் படிக்கும், எழுதும். மைக்ரோசாஃப்ட் இதை 2006-இல் கொண்டுவந்தது, ஆனால் அதன் விவரக்குறிப்பை எல்லாருக்கும் திறந்துவிட்டது 2019-இல்தான், அதற்குப் பிறகே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் அது ஒழுங்காக வந்தது. பல ரவுட்டர்கள் பழைய கெர்னலில் ஓடுபவை என்பதால் உங்கள் மாடல் படிக்கிறதா என்று சோதித்துவிட்டே போடுங்கள். இதன் பெரிய குறை, ஜர்னல் (செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேடு) கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு அமைப்பு குழம்ப வாய்ப்பு அதிகம்.

என்டிஎஃப்எஸ்ஸில் ஜர்னல் உண்டு, மேக் படிக்கும் ஆனால் தானாக எழுதாது. ரவுட்டரில் அது எந்த டிரைவர் வழியாக ஓடுகிறது என்பதைப் பொறுத்து வேகம் தலைகீழாக மாறும். பழைய என்டிஎஃப்எஸ்-3ஜி வழியாக ஓடினால் ரவுட்டரின் சிபியு மூச்சு வாங்கும், மற்றவர்கள் இணையம் பார்ப்பதும் மெதுவாகும்.

இஎக்ஸ்டி4 ரவுட்டருக்குச் சொந்த மொழி மாதிரி. ஜர்னல் உண்டு, வேகமானது, லினக்ஸில் 2008 முதல் இருக்கிறது. இதைப் போடும்போது நோஏடைம் என்ற தெரிவையும் சேர்த்து மவுன்ட் செய்யுங்கள் (ரவுட்டரோடு இணையுங்கள்), அப்போது கோப்பைத் திறந்து படிப்பதற்கெல்லாம் நேரத்தைக் குறித்து எழுதாது, பென்டிரைவுக்கு எழுத்து வேலை குறையும்.

இங்கே ஒரு குழப்பம் எல்லாருக்கும் வருகிறது. "இஎக்ஸ்டி4 போட்டால் என் ஐபோனில் தெரியாதே" என்கிறார்கள். தெரியும். வைஃபை வழியாகப் பார்க்கும்போது பென்டிரைவைப் படிப்பது ரவுட்டர்தான், உங்கள் கைப்பேசிக்கு உள்ளே என்ன ஃபார்மட் இருக்கிறது என்பதே தெரியவராது. பென்டிரைவைக் கழற்றி வேறு கணினியில் நேரடியாகச் சொருகும்போதுதான் ஃபார்மட் முக்கியமாகிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் இஎக்ஸ்டி4 ஆக்கிவிடலாமே? தொழில்நுட்பப்படி அது நல்ல முடிவு. ஆனாலும் நான் குடும்பப் பிரிவை எக்ஸ்ஃபேட்டாகவே வைக்கிறேன். ரவுட்டர் ஒருநாள் கெட்டுப்போகும், அன்றைக்கு நான் ஊரில் இல்லாமல் இருக்கலாம், அம்மா அந்தப் பென்டிரைவை எடுத்துப் பக்கத்து வீட்டுப் பையனின் மடிக்கணினியில் சொருகினால் அப்பா குரல் கேட்க வேண்டும். ஜர்னல் இல்லாத குறையை வேறு இடத்தில் இருக்கும் பிரதி ஈடு செய்கிறது.

எவ்வளவு எவ்வளவாகப் பிரிப்பது?

128 ஜிபி என்று அட்டையில் போட்டிருப்பது விண்டோஸில் 119 என்று தெரியும், 64 என்பது 59 சொச்சம். கடைக்காரர் ஏமாற்றவில்லை, அவர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

நான் செய்தது: முதலில் 100 ஜிபி எக்ஸ்ஃபேட், குடும்பத்துக்கு. அடுத்து 16 ஜிபி இஎக்ஸ்டி4, ரவுட்டருக்கு. மிச்சம் 3 ஜிபி சும்மா விட்டிருக்கிறேன். குடும்பப் பிரிவை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு: சில தொலைக்காட்சிகளும் சில ரவுட்டர்களும் முதல் பிரிவைத் தவிர வேறு எதையும் பார்க்காது. விண்டோஸே கழற்றக்கூடிய டிரைவ்களில் முதல் பிரிவை மட்டும்தான் காட்டிக்கொண்டிருந்தது, 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பில்தான் அது மாறியது.

ரவுட்டர் பிரிவுக்கு 16 ஜிபியே தாராளம். என்ட்வேரும் நாலைந்து நிரல்களும் சேர்ந்தால்கூட ஒரு ஜிபியைத் தொடுவது அபூர்வம். மேக் வைத்திருப்பவர்கள் டைம் மெஷின் பேக்கப்பை இங்கே வைக்க நினைத்தால் அதற்குக் கட்டாயம் தனிப் பிரிவு வேண்டும், ஏனென்றால் அது கிடைக்கிற இடம் முழுவதும் பழைய பிரதிகளை நிரப்பிவிட்டுத்தான் பழசை அழிக்க ஆரம்பிக்கும். ஆனால் டைம் மெஷினைப் பென்டிரைவில் வைப்பதையே நான் பரிந்துரைக்க மாட்டேன், எழுத்து வேலை அவ்வளவு அதிகம். எஸ்எஸ்டி வாங்குங்கள்.

செய்வது எப்படி? விண்டோஸிலேயே முடியுமா?

எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் பிரிவுகளை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் செய்யலாம். இஎக்ஸ்டி4 பிரிவை அது உருவாக்காது. மேக்கின் டிஸ்க் யூட்டிலிட்டியும் செய்யாது. எனக்குப் பிடித்தது ஜிபார்ட்டெட். இலவசம், இன்னொரு பென்டிரைவில் அதன் லைவ் பதிப்பைப் போட்டு பெரும்பாலான கணினிகளை அதிலிருந்து தொடங்கலாம், கணினியில் எதையும் நிறுவ வேண்டாம்.

முதலில் பென்டிரைவில் இருப்பதையெல்லாம் வேறு இடத்துக்குக் காப்பி எடுங்கள், எடுத்த காப்பியில் நாலு படத்தைத் திறந்தும் பாருங்கள். கணினியில் சொருகியிருக்கும் மற்ற வெளி டிஸ்க்குகளைக் கழற்றி வையுங்கள். ஜிபார்ட்டெட்டைத் திறந்ததும் மேலே வலது பக்கம் எந்த டிஸ்க் என்று ஒரு பட்டியல் இருக்கும், அங்கேதான் நிதானம் வேண்டும்: அளவைப் பார்த்து அது உங்கள் பென்டிரைவ்தான் என்று இரண்டு தடவை உறுதி செய்யுங்கள், இல்லாவிட்டால் மடிக்கணினியின் டிஸ்க்கை அழித்துவிடுவீர்கள். பிறகு டிவைஸ் மெனுவில் புதிய பார்ட்டிஷன் டேபிள் உருவாக்குங்கள். பட்டியலில் எம்எஸ்டாஸ் என்று இருப்பதுதான் எம்பிஆர். அடுத்து முதல் பிரிவு, இரண்டாவது பிரிவு என்று வரிசையாகச் சேருங்கள். அலைன் டு என்ற இடத்தில் எம்ஐபி என்று இருப்பதை மாற்றாதீர்கள், பிரிவின் தொடக்கம் ஃபிளாஷ் தொகுதியோடு பொருந்தி உட்கார அது உதவும். ஒவ்வொன்றுக்கும் லேபிள் கொடுங்கள், ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், சின்னதாக. கடைசியில் அப்ளை அழுத்தினால்தான் எல்லாம் நடக்கும், அதற்கு முன்னால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

மெர்லின் வைத்திருப்பவர்களுக்கு அதிலுள்ள ஏஎம்டிஎம் மெனுவிலேயே டிஸ்க்கைப் ஃபார்மட் செய்ய வழி இருக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் எஃப்டிஸ்க் போட்டு ரவுட்டருக்குள்ளேயே முடிக்கலாம்.

பென்டிரைவைக் கணினியில் சொருகினேன், "ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்கிறது. என்ன செய்வது?

கேன்சல் அழுத்துங்கள். வேறு எதையும் அழுத்த வேண்டாம்.

இஎக்ஸ்டி4 பிரிவைப் பார்த்தால் விண்டோஸுக்கு அது என்னவென்று தெரியாது. இந்த டிரைவைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்யுங்கள் என்று கேட்கும். பென்டிரைவ் கெட்டுவிட்டது போலத் தோன்றும், ஆனால் உள்ளே எல்லாம் நன்றாகவே இருக்கும்.

என் அக்கா வீட்டில் இது நடந்தது. அங்கே நான் முழு பென்டிரைவையும் இஎக்ஸ்டி4 ஆக்கிக் கொடுத்திருந்தேன், கழற்றக்கூடாது என்று வாயால் சொன்னதோடு விட்டுவிட்டேன். அத்தான் ஒருநாள் அலுவலகத்துக்குக் கொஞ்சம் படம் எடுத்துப்போக அதைக் கழற்றி மடிக்கணினியில் சொருகினார். கணினி கேட்டது, அவர் சரி என்று அழுத்திவிட்டார். பிள்ளையின் முதல் இரண்டு வருஷப் படங்கள் அதில் இருந்தன, பாதிக்கு வேறு பிரதி கிடையாது. அக்கா அன்றைக்கு என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டபோது அவளால் பேசவே முடியவில்லை.

நல்லவேளையாக அதற்கு மேல் அத்தான் எதையும் அதில் எழுதவில்லை. விரைவு ஃபார்மட் என்பது எல்லாத் தகவலையும் அழிப்பதில்லை, தொடக்கத்தில் இருக்கும் அட்டவணைகளைத்தான் புதிதாக எழுதுகிறது. ஃபோட்டோரெக் என்ற இலவச நிரல் கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்த்தே படங்களைத் தோண்டி எடுக்கும், அதில் பெரும்பாலான படங்கள் திரும்ப வந்தன. கோப்புறைகளும் பெயர்களும் போய்விட்டன, எல்லாம் வெறும் எண்களாக வந்தன. படத்துக்குள்ளேயே கேமரா எழுதிவைக்கும் எக்ஸிஃப் தேதியை வைத்து நானும் அக்காவும் இரண்டு வாரக் கடைசி உட்கார்ந்து வரிசைப்படுத்தினோம். அதே குழுவினரின் டெஸ்ட்டிஸ்க் நிரலும் உண்டு, பிரிவு அட்டவணை மட்டும் அழிந்த நேரங்களில் அது பழைய பிரிவுகளைக் கண்டுபிடித்துத் தரும்.

உங்களுக்கு இப்படி ஆகிவிட்டால் பென்டிரைவை உடனே கழற்றி வைத்துவிடுங்கள், மீட்ட கோப்புகளை அதே பென்டிரைவில் சேமிக்காதீர்கள். அதற்குப் பிறகு நான் எந்த வீட்டுக்குச் செய்தாலும் பென்டிரைவின் மேல் "கணினியில் சொருக வேண்டாம்" என்று எழுதிய சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறேன். படம் வேண்டுமானால் வைஃபை வழியாக எடுத்துக்கொள்ளட்டும்.

ஸ்வாப் பிரிவு வேண்டுமா?

ரேம் தீரும்போது அதில் இருப்பதைத் தற்காலிகமாகச் சேமிப்பிடத்தில் வைப்பதுதான் ஸ்வாப். ரவுட்டரின் ரேம் 256 எம்பி அல்லது 512 எம்பி, அதில் நிறைய நிரல் ஓட்டுகிறீர்கள், ரேம் தீர்ந்து நிரல்கள் தானாக நின்றுபோகின்றன என்றால் வேண்டும். இல்லையென்றால் வேண்டாம். ஸ்வாப் ஓயாமல் எழுதினால் பென்டிரைவ் சீக்கிரம் தேயும். தனிப் பிரிவைவிட இஎக்ஸ்டி4 பிரிவுக்குள் ஒரு ஸ்வாப் கோப்பாக வைப்பது நல்லது, அளவை மாற்றுவது சுலபம். ஓப்பன்டபிள்யூஆர்டிக்காரர்கள் முதலில் இசட்ரேம் போட்டுப் பாருங்கள், அது ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும், பென்டிரைவைத் தொடாது.

வீட்டில் 10 ஜிபிபிஎஸ் ஃபைபர் இருக்கிறது, பென்டிரைவ் மட்டும் ஏன் ஆமை மாதிரி?

ஃபைபர் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, கோப்பு உங்கள் வீட்டுக்குள்ளேதான் போய் வருகிறது. யூஎஸ்பி 2.0 துளை என்றால் ஏட்டில் 480 எம்பிபிஎஸ், நடைமுறையில் நொடிக்கு 30 முதல் 40 மெகாபைட். யூஎஸ்பி 3.0 என்றாலும் மலிவான பென்டிரைவின் எழுதும் வேகம் அதைவிடக் குறைவாக இருக்கலாம். பிரிப்பதால் வேகம் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

பென்டிரைவ் சொருகிய நாளிலிருந்து வைஃபை விட்டுவிட்டு வருகிறதே?

யூஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் கிளப்பும், இன்டெல் நிறுவனம் 2012-இல் இதைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கையே வெளியிட்டது. வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் மேலே கீழே பக்கத்தில் எல்லா வீட்டு வைஃபையும் அந்தப் பட்டையில் ஏற்கெனவே நெரிசலாக இருக்கிறது, அதனால் நமக்கு இது கூடுதலாகத் தெரியும். பென்டிரைவை நேராகச் சொருகாமல் அரை மீட்டர் நல்ல நீட்டிப்புக் கம்பி போட்டு ஆன்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள். சில ரவுட்டர்களில் அந்தத் துளையை யூஎஸ்பி 2.0 முறையில் ஓட்ட ஓர் அமைப்பு இருக்கும், படம் பார்ப்பதற்கு அந்த வேகமே போதும்.

ரவுட்டரை எங்கே வைப்பது?

பல வீடுகளில் ஃபைபர் வரும் இடத்திலேயே, வாசல் பக்கத்துப் பெட்டிக்குள்ளோ அவசரகாலத்துக்கென்று கட்டப்பட்டு, ஸ்டோர் ரூமாகப் பயன்படுத்தும் அந்தப் பாதுகாப்பு அறைக்குள்ளோ ரவுட்டரை வைத்துக் கதவையும் மூடிவிடுகிறார்கள். நம் ஊர் வெக்கையில் மூடிய பெட்டிக்குள் ரவுட்டர் சூடாகும், அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் பென்டிரைவ் இன்னும் சூடாகும். சூடு ஃபிளாஷுக்கு ஆகாது. பாதுகாப்பு அறையின் கான்கிரீட் சுவர் வைஃபையையும் வெளியே விடாது. கம்பி இழுத்து வெளியே காற்றோட்டமாக வையுங்கள்.

இங்கே மின்தடை அபூர்வம், ஆனால் ஊருக்குக் கிளம்பும்போது எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் எல்லார் வீட்டிலும் உண்டு. அணைப்பதற்கு முன் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் போய் யூஎஸ்பியைப் பாதுகாப்பாக அகற்றும் பொத்தானை அழுத்துங்கள். குழம்பிய எக்ஸ்ஃபேட் பிரிவுகள் எனக்குச் சரிசெய்ய வந்ததெல்லாம் பள்ளி விடுமுறை முடிந்த வாரத்தில்தான்.

ரவுட்டரை மறுதொடக்கம் செய்தால் பிரிவுகள் இடம் மாறுகின்றன, ஏன்?

இரண்டு பென்டிரைவ் சொருகியிருந்தால் ரவுட்டர் முதலில் பார்ப்பதை எஸ்டிஏ என்றும் அடுத்ததை எஸ்டிபி என்றும் பெயரிடும், அந்த வரிசை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்கும் என்று நிச்சயமில்லை. அமைப்புகளில் எஸ்டிஏ1 என்று எழுதாமல் லேபிளையோ யூயூஐடியையோ (ஒவ்வொரு பிரிவுக்கும் உள்ள தனி அடையாள எண்) எழுதுங்கள்.

பிற்பாடு அளவை மாற்ற முடியுமா?

இஎக்ஸ்டி4, என்டிஎஃப்எஸ் பிரிவுகளை ஜிபார்ட்டெட்டில் சுருக்கலாம், பெருக்கலாம். எக்ஸ்ஃபேட்டை அதில் மாற்ற முடியாது, காப்பி எடுத்து அழித்துத் திரும்பப் போட வேண்டியதுதான். அதனால் குடும்பப் பிரிவின் அளவை முதலிலேயே யோசித்து வையுங்கள்.

வீட்டுக் கேமராவின் பதிவை இதில் சேமிக்கலாமா?

வேண்டாம். அது இரவும் பகலும் நிற்காமல் எழுதும், சாதாரணப் பென்டிரைவ் தாங்காது. கேமராவுக்குள்ளேயே போடும், கண்காணிப்புக்கென்று விற்கும் எண்டியூரன்ஸ் வகை மைக்ரோஎஸ்டி அட்டை அதற்குத்தான் இருக்கிறது.

வெளியாள் யாராவது இதைப் பார்க்க முடியுமா?

நீங்கள் கதவைத் திறந்து வைத்தால் முடியும். 2014-இல் ஏசூஸ் ரவுட்டர்களின் யூஎஸ்பி பகிர்வு வசதியில் இருந்த ஓட்டைகள் வழியாக 12,900-க்கும் மேற்பட்டவர்களின் சேமிப்புச் சாதனங்களுக்குள் வெளியாட்கள் நுழைந்தார்கள், 2016-இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்தோடு ஒரு தீர்வுக்கு வந்து, 20 ஆண்டுகளுக்கு வெளித் தணிக்கை வேண்டும் என்று நிபந்தனை போட்டது. சிங்கப்பூரில் 2021 ஏப்ரல் முதல் விற்கும் வைஃபை ரவுட்டர்கள் இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தின் முதல் நிலையையாவது எட்டியிருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது அதற்கு முந்திய ரவுட்டர் என்றால் கூடுதல் கவனம் தேவை.

எஃப்டிபி என்ற பழைய கோப்புப் பரிமாற்ற வசதியை அணையுங்கள். இணையத்திலிருந்து பென்டிரைவைப் பார்க்கும் வசதியை அணையுங்கள், வெளியிலிருந்து கட்டாயம் வேண்டும் என்றால் விபிஎன் போடுங்கள். கடவுச்சொல் இல்லாமல் உள்ளே விடும் தெரிவை எடுத்துவிடுங்கள். ஃபர்ம்வேரைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். ரவுட்டர் பிரிவைப் பகிரவே வேண்டாம், குடும்பப் பிரிவை மட்டும் பகிருங்கள், பிரித்து வைத்ததன் பலன்களில் இதுவும் ஒன்று.

விண்டோஸிலிருந்து பகிர்வு திறக்கவில்லை என்றால் ரவுட்டர் எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையில் பேசுகிறதா என்று பாருங்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் நச்சுநிரல் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான், அந்த ஆண்டின் பிற்பகுதியிலிருந்து விண்டோஸ் 10 அதைப் படிப்படியாக விலக்கியது. ரவுட்டரில் எஸ்எம்பி2 தெரிவு இருந்தால் அதை இயக்குங்கள். விண்டோஸில் எஸ்எம்பி1-ஐத் திரும்பக் கொண்டுவரும் வழியை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

எந்தப் பென்டிரைவ் வாங்குவது?

பெயர் தெரிந்த நிறுவனத்தின் யூஎஸ்பி 3.0 பென்டிரைவ், 64 அல்லது 128 ஜிபி. இணையத்தில் ஐந்து வெள்ளிக்கு 2 டிபி என்று வருவதை வாங்காதீர்கள், உள்ளே சின்ன சிப்பை வைத்து அளவை மட்டும் பெரிதாகச் சொல்லும் போலிகள் அவை. எழுதும்போது எல்லாம் சரியாக ஏறுவது போலவே இருக்கும், திறக்கும்போதுதான் பாதிப் படம் சாம்பலாக வரும். எங்கே வாங்கினாலும் முதல் நாளே எச்2டெஸ்ட்டபிள்யூ நிரலில் முழு அளவையும் எழுதிப் படித்துப் பாருங்கள், லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்பது அதே வேலையைச் செய்யும். பிரிப்பதெல்லாம் அதற்கு அப்புறம். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் சின்ன எஸ்எஸ்டி இன்னும் நல்லது, ஆனால் யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியர்தான் கொடுக்கும் என்பதால் சிலவற்றுக்குத் தனி மின்சாரம் உள்ள ஹப் வேண்டியிருக்கும்.

சாகப்போகிறது என்று எப்படித் தெரியும்?

பென்டிரைவ்களில் பெரும்பாலும் முன்னெச்சரிக்கை எதுவும் வராது. சில சமயம் அறிகுறி காட்டும்: ஒரு பிரிவு திடீரென்று படிக்க மட்டும் என்று மாறிவிடும், எதையும் எழுதவோ அழிக்கவோ விடாது. ரவுட்டரின் பதிவில் ஐஓ எரர் என்று வர ஆரம்பிக்கும். கோப்பைத் திறக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றைக்கே எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிட்டுப் புதியது மாற்றுங்கள், திரும்ப ஃபார்மட் செய்து ஓட்டிப் பார்க்க வேண்டாம். எங்கள் வீட்டில் நான் அறிகுறிக்குக் காத்திருப்பதில்லை. இந்தத் தீபாவளிக்கு நாலு வருஷம் முடிகிறது, புது பென்டிரைவ் வாங்கிச் சோதித்துப் பிரித்து மேசை இழுப்பறையில் தயாராக வைத்திருக்கிறேன்.